வீட்டுக்கு அழகு: காலண்டர் படமும் வெள்ளைச் சுவரும்

விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வாடகை வீடு, ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. தை மாதத்தில் மூத்த பெண்ணின் நிச்சயதார்த்தம் அந்தக் கூடத்திலேயே நடக்கவேண்டும். புதிதாக ஆணி அடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். கலியாணச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் கைவைக்கவும் மனம் வரவில்லை. "கூடம் பார்வையாக இருக்கவேண்டும், கடன் படக்கூடாது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. சம்பந்தி வீட்டார் அரைமணி நேரம் உட்கார்ந்து காபி அருந்திவிட்டுப் போவதற்காக மூன்று மாதச் சம்பளத்தைத் திரைச்சீலையிலும் பிளாஸ்டிக் பூவிலும் போட்டுவிட்டு, பிறகு மளிகைக் கடைக்காரரைக் கண்டால் எதிர்ச் சாரியில் நடக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆகையால் சற்று விரிவாகவே பதில் சொல்லுகிறேன்.

முதலில் சுவர். எந்த அலங்காரமும் அழுக்குச் சுவரில் எடுபடாது. சுத்தமான வெள்ளைச் சுவருக்கோ அலங்காரம் பாதிதான் தேவை. ஆணிக்கு மறுப்புச் சொன்ன வீட்டுக்காரர் வெள்ளையடிப்பதற்கு மறுப்புச் சொல்லமாட்டார், அவருக்கு லாபந்தானே! ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுவரில் முன்பே எமல்ஷன் பெயிண்ட் பூசியிருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அப்படிப்பட்ட சுவரைச் சோப்பு நீரில் துணி தோய்த்துத் துடைத்தாலே போதும். பழைய சுண்ணாம்புச் சுவராயிருந்தால் பின்வருமாறு செய்யலாம்.

சுட்ட சுண்ணாம்பை ஒரு நாள் முன்னதாகவே நீற்றி வைக்கவேண்டும். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டுமே தவிர, சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டலாகாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைக் கிட்டே விடாதிருப்பதும், கண்ணாடி அணிந்துகொள்வதும், பிளாஸ்டிக் வாளியை விலக்கி இரும்பு வாளியையோ மண் தொட்டியையோ கையாள்வதும் அவசியம். மறுநாள் பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டி, நீர்மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, கொஞ்சம் அரிசிக் கஞ்சி சேர்த்தால் கையில் ஒட்டாது. ஒரு சிட்டிகை நீலம் போட்டால் வெண்மை எடுப்பாய்த் தெரியும். பூசுவதற்கு முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்கவேண்டும். பூசியவுடன் "ஒன்றும் வெளுக்கவில்லையே!" என்று மனம் தளர்ந்து கெட்டியாய்க் குழைத்து அப்புவதுதான் எல்லாரும் செய்யும் காரியம். சுண்ணாம்பு ஈரத்தில் மங்கலாய்த்தான் இருக்கும். காயக் காயக் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு இறுகி வெளுக்கும். கெட்டியாய் அப்பினால் பொங்கலுக்குள் செதில் செதிலாய்ப் பெயர்ந்து விருந்தாளியின் பட்டுப்புடவையில் விழும். மெல்லிய பூச்சாய் மூன்று முறை அடிப்பதே சிறந்தது. கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவி அடித்துவிட்டால், துடைப்பமும் குழந்தைகளின் கால்களும் படும் இடம் அழுக்குத் தெரியாமல் இருக்கும். கோயில் மதிலில் காவியையும் வெள்ளையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இதமாகவும் இருக்கும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரி இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. தேசமெங்கும் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும் பங்கு அங்கேதான் அச்சாகிறது. அதன் அருகிலேயே குடியிருந்துகொண்டு, எங்கோ தயாரான பனிமலைப் படத்தையும் பூங்கொத்துப் படத்தையும் கண்ணாடி போட்டு விலைக்கு வாங்குகிறோம்! "காலண்டர் படமா?" என்று உதட்டைச் சுழிப்பவர்களுக்கு அதன் கதை தெரியாது.

நம் ஜனங்கள் வீட்டுச் சுவரில் அச்சுப் படம் மாட்டத் தொடங்கிய காலத்தில், தெய்வப் படங்களில் பல ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் சொந்த அச்சகம் ஏற்படுத்தி, அரண்மனைகளில் இருந்த தம் சித்திரங்களைச் சாமானியர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். சிவகாசியின் கதை வேறு விதமானது. அந்த ஊருக்குச் சித்திரம் வந்தது தீப்பெட்டியின் முதுகில் ஏறிக்கொண்டு. ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் கடைகளை நிறைத்திருந்த நாளில், 1920-களின் தொடக்கத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, மழை பொய்க்கும் கரிசல் சீமையில் தீப்பெட்டித் தொழிலை நிறுவினார்கள். தீப்பெட்டிக்கு வர்ண லேபிள் வேண்டும். பட்டாசுக் கட்டுக்கும் வேண்டும். லேபிளுக்காக வந்த கல் அச்சு, பிறகு காலண்டருக்கும் உதவிற்று.

படம் எழுதியவர்களோ பக்கத்திலேயே கோவில்பட்டியில் இருந்தார்கள். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராய்த் திரிந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய லக்ஷ்மியும் முருகனும் மீனாக்ஷி கலியாணமும் சிவகாசி அச்சில் லக்ஷக் கணக்கில் பெருகி வீடு வீடாய்ப் போயின. அந்தப் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் தெரியும் தூணும் மாடமும் திரையும் நாடக மேடையை நினைவூட்டுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். கை பழகிய இடம் அது. இந்தக் காலண்டர் சித்திரங்களைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் என்ற அறிஞர் 2007-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலே வெளியிட்டிருக்கிறார். கடல் கடந்த சர்வகலாசாலைகளில் மரியாதை பெற்றதை நாம் வருஷக் கடைசியில் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறோம். தெய்வப் படத்தைக் குப்பையில் போட மனம் வராது. வைத்துக்கொள்ளவும் வழி தெரியாது. மழையில் நனைந்து, ஆடு மென்று, அந்தப் படங்கள் படும் பாட்டைப் பார்த்தால் வருத்தமாய் இருக்கிறது.

அவற்றை வைத்துக்கொள்ளும் வழி இதுதான். உறவினர் வீடுகளிலும் பழைய பேப்பர் கடையிலும் தேடினால் ஒரே அளவுள்ள மூன்று நான்கு படங்கள் அகப்படும். அடியில் உள்ள கடைப் பெயரை இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் நேராக நறுக்கி எடுத்துவிடுங்கள். தினசரித் தாள் கிழித்து முடிந்த காலண்டரின் கெட்டி அட்டையே ஒட்டுவதற்கு உதவும். மைதாப் பசை காய்ச்சி, படத்தின் முதுகில் ஒரே சீராய்த் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்தித் தேய்த்து ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை அப்பளம்போல் வளையும். பைண்டிங் செய்பவர்கள் அறிந்த ரகசியம், அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு வெறுங்காகிதத்தை அதே பசையால் ஒட்டுவது. இருபக்கமும் சமமாய் இழுப்பதால் அட்டை நேராய் நிற்கும். பிறகு மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடவேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷமாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

கண்ணாடி போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நான்கு ஓரத்திலும் கதர்த் துணி நாடாவை ஒட்டிவிட்டாலே படம் மரியாதையாய் நிற்கும். வெயில் நேராய் விழும் சுவர் கூடாது. அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறிப் போகும். நீலம் மட்டும் நிற்கும். பழைய டீக்கடைகளில் எல்லாத் தெய்வங்களும் கிருஷ்ண பரமாத்மாவின் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆணியில்லாமல் எப்படி மாட்டுவது? ஜன்னல் கம்பியிலிருந்து வாசல் நிலையின் மேற்கட்டை வரை ஒரு மூங்கில் கழியைக் கட்டி, அதிலிருந்து சணல் கயிற்றில் படங்களை ஒரே மட்டத்தில் தொங்கவிடலாம். அதற்கும் வசதியில்லையானால் ஒரு பெஞ்சின்மேல் வெள்ளைத் துணி விரித்து, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் குத்துவிளக்கை வைத்துவிடுங்கள். எப்படியானாலும் உயரத்தில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் படங்களை உத்தரத்தை ஒட்டி மாட்டுவது எந்தக் காலத்து வழக்கமோ தெரியாது. பாயில் உட்காரும் மனிதர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது. உட்கார்ந்தவர் கண்ணுக்கு எதிரே படம் இருக்கட்டும். மூன்று போதும். பதினெட்டு படம் மாட்டினால் கூடம் படக் கடையாகிவிடும்.

திரைச்சீலைக்கும் வெகுதூரம் போகவேண்டாம். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். மெல்லிய வெள்ளைத் துணி, காற்றைத் தடுக்காது, வெயிலின் கடுமையை மட்டும் வடிகட்டும். இரண்டு மடிப்பாய்த் தைத்தால் ஜன்னலுக்கு அழகாய் இருக்கும். நிறம் வேண்டுமென்றால் கடுக்காய்த் தூளும் படிகாரமும் சேர்த்த வெந்நீரில் ஊறவைத்தால் இளமஞ்சள் ஏறும். மஞ்சள்தூள் நிறம் பளிச்சென்று இருந்தாலும் வெயில் கண்டால் ஓடிப்போகும். விருதுநகர் மண்டிகளில் கிடைக்கும் சணல் சாக்கைத் துவைத்து ஓரம் மடித்துத் தைத்தால் வாசலுக்கு நல்ல மிதியடி. பருப்புச் சாக்காய்ப் பார்த்து வாங்குங்கள். மிளகாய்ச் சாக்காயிருந்தால் சம்பந்தி வீட்டார் தும்மிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். அதற்குச் சகுனம் சொல்ல ஆள் வேறு தேடவேண்டாம்!

விளையாட்டாய்ச் சொல்ல முடியாத விஷயம் ஒன்றும் உண்டு. அச்சகத்தில் மிஞ்சும் ஓரத்தாளும் வர்ணக் காகிதமும் தோரணம் கட்ட உகந்தவை, தாராளமாய் வாங்கலாம். ஆனால் பட்டாசு வேலை நடக்கும் இடத்திலிருந்து காகிதக் குழாயோ மினுங்கும் பொடியோ சாக்கோ, எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெள்ளிபோல் மின்னுகிறதே என்று குழந்தைகள் கோலத்துக்கு எடுத்துவரும் பொடி மருந்துப் பொடியாயிருக்கலாம். குத்துவிளக்குச் சுடர் ஒன்றே போதும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்ததை அந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வேலைக்குப் போய்வரும் பெண்களின் புடவையைக்கூடத் தனியே அலசி உலர்த்துவது நலம்.

சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. விருதுநகரில் காமராஜருடைய வீடு நினைவில்லமாய் இருக்கிறது. அந்தச் சகோதரிக்கு நடந்துபோகும் தூரந்தான். ஒன்பது ஆண்டு முதல் மந்திரியாயிருந்தவரின் வீடு எவ்வளவு சிறியதென்பதைப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வரலாம். ராஜபாளையத்தில் பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷத்துக் காலண்டர் வேண்டுமென்றால் ஆடிப் பதினெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் சிவகாசியில் பூஜை போட்டுப் புது வருஷத்து மாதிரி ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். வழக்கமாய்ச் சாமான் வாங்கும் கடைக்காரர் எந்தப் படத்துக்கு ஆர்டர் கொடுப்பதென்று ஆல்பத்தைப் புரட்டும்போது, கடைப் பெயரைப் படத்தின்மேல் அச்சிடாமல் அடியில் தனிப் பட்டையாய்ப் போடச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு அதில் நஷ்டமில்லை. டிசம்பர் முடிந்த பிறகு கத்திரிக்கு வேலை சுலபம்.