கடல் உள்வாங்கினால் ஓடு, உள்வாங்காவிட்டால்?

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு. மாலையில் என்னிடம் பாடம் படிக்க வருவான். நான் படிப்பது பி.காம்., பற்று வரவைத் தாண்டி எனக்கு அதிகம் தெரியாது. இருந்தாலும் போன வாரம் "சுனாமின்னா என்னடா?" என்று கேட்டு வைத்தேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஜப்பானியச் சொல், 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. இரண்டு மதிப்பெண் நிச்சயம்.

"சரி, நீ பீச்சுல நிக்கிற. சுனாமி வருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"கடல் உள்ள போகும்ணா."

"போகலைன்னா?"

முழித்தான். "புக்ல அவ்ளோதான்ணா இருக்கு."

இந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்து விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பாடம் நடந்திருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அந்தக் கடற்கரையே காலியானது. சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, நம் கரையில் நடந்தது அதே மாதிரி இல்லை என்பது.

சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் செருகிக்கொண்டே இருக்கிறது. பல நூறு வருட இறுக்கம் அன்று காலை 6.29க்கு விடுபட்டது. மேலே இருந்த தட்டின் விளிம்பு துள்ளி எழுந்தது, அதற்குக் கிழக்கே கடல்தரை தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்து நோக்கி முதலில் போனது பள்ளம். மேற்கே இந்தியா, இலங்கை நோக்கி முதலில் வந்தது மேடு. அங்கே கடல் முதலில் உள்வாங்கியது, இங்கே முதலில் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகுதான் உள்வாங்கியது, பிறகு அடுத்த அலை வந்தது. இலங்கையின் களுத்துறையில் அப்படிக் கடல் பின்வாங்கிக் கிடந்ததைச் செயற்கைக்கோளே படமெடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8000 பேர் இறந்தார்கள்.

ஆக, 'உள்வாங்கினால் ஓடு' என்பதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, உள்வாங்காத கடலைப் பார்த்து நிம்மதியாக நின்றுகொண்டிருக்கும். என் கோபம் இதில்தான். அடையாளத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம், காரணத்தை விட்டுவிடுகிறோம். காரணம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பலகையைச் சாய்த்து அழுத்தினால் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெலுவே தீவுக்காரர்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் தப்பித்தார்கள். 1907இல் அங்கே வந்த பேரலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக ஆடினால் மலைக்கு ஓடு, அவ்வளவுதான். 70,000 பேருக்கு மேல் இருந்த தீவில் 2004இல் இறந்தவர்கள் 7 பேர். ஆனால் அதையும் அப்படியே நாம் காப்பியடிக்க முடியாது. சென்னையில் அன்று லேசான அதிர்வுதான். தூரத்தில் இருக்கும் நமக்கு வேண்டியது எச்சரிக்கை. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய எச்சரிக்கை மையம் அதற்குத்தான்.

எச்சரிக்க நேரம் இருக்குமா? இதைத்தான் பையனிடம் கணக்காகக் கொடுத்தேன். அலையின் வேகம், ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வந்துவிடும். 4000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். விமானம் மாதிரி! அப்படியும் நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு சினிமா பார்க்கிற நேரம். அன்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பையன் விடவில்லை. கரையோரம் 10 மீட்டர் ஆழம் என்று அவனே போட்டுப் பார்த்தான். மணிக்கு 36 கிலோமீட்டர்தான் வந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"முன்னால போற தண்ணி இப்படி ஸ்லோ ஆயிட்டா, பின்னால வேகமா வர்ற தண்ணி அது மேலதானண்ணா ஏறும்? அதான் அவ்ளோ உயரமா?"