செமாய்ப் பெண்ணின் பெயரும் பட்டாவில் ஏறட்டும்

தாப்பா, பீடோர், கோப்பேங், சுங்கை சிப்புட் என்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் படர்ந்திருந்த ஊர்களுக்கு மேலே, மலைச்சரிவுகளில் செமாய், தெமியார் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. பகாங்குக்கு அடுத்தபடியாகப் பூர்வக்குடியினர் அதிகம் வாழும் மாநிலம் இது. அவர்களின் நிலத் தகராறு செய்தியாகும்போது மரம் வெட்டும் நிறுவனம், மாநில அரசு, ஊர்த் தலைவரான பாத்தின் என மூன்று தரப்புகளே தென்படுகின்றன. பெண்கள் எங்கே என்று கேட்டால், அது அவர்களின் மரபு என்று பதில் வருகிறது. அந்தப் பதில் தவறு. பெண்களை ஓரங்கட்டியதில் மரபைவிட அரசு நிர்வாகத்துக்கே பெரிய பங்கு உண்டு.

செமாய் உறவுமுறை தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சமமாகக் கொள்வது. டுரியான் மரத்தின் உரிமை மகனோடு மகளுக்கும் இறங்கும். பிணக்கு வந்தால் ஊர் கூடிப் பேசித் தீர்க்கும் சபையில் ஆண்கள்தான் அதிகம் பேசினார்கள். ஆனாலும் பெண்கள் வாய்திறக்கத் தடை இருந்ததில்லை. அவசரகாலத்தில் பிறந்த 1954-ஆம் ஆண்டு பூர்வக்குடியினர் சட்டம், ஊர்த் தலைவரை ஏற்கவும் நீக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. பெண் தலைவராகக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் ஊரோடு பேச அதிகாரிக்கு ஒரே ஆள் போதும் என்றானபோது, அந்த ஆள் அநேகமாக ஆணாகவே இருந்தார். 2009-இல் தேசிய நில மன்றம் ஏற்ற திட்டமோ, குடும்பத் தலைவருக்கு இரண்டு முதல் ஆறு ஏக்கர் விளைநிலமும் கால் ஏக்கர் வீட்டு மனையும் என்றது. மரபு நிலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று அஞ்சி, 2010 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் புத்ராஜெயாவுக்கே போய் எதிர்த்தார்கள். அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத கோளாறு ஒன்றும் உண்டு. அரசுப் பாரத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கணவன் பெயரே விழும். பாட்டி நட்ட மரத்தில் பங்குள்ள பெண், கணவன் விட்டுப்போனால் எதைக் காட்டி உரிமை கேட்பார்?

முதலில் நிலம் மீளட்டும், பெண்ணுரிமையைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள் சிலர். நிலம் போகும் விதத்தைக் கவனித்தால் இந்த வாதம் நிற்காது. ஒருவரின் கையெழுத்தை வாங்குவது நிறுவனத்துக்கு எளிது. ஊரின் பெண்கள் அனைவரும் இசைய வேண்டும் என்றால் அத்தனை எளிதல்ல. பெண் தலைமை வெளியாரின் திணிப்பு என்போர், பீடோர் அருகே கம்போங் சாங்கைச் சேர்ந்த தீஜா யோக் சோப்பிலைப் பார்க்கட்டும். தீபகற்பத்துப் பூர்வக்குடிக் கிராமங்களின் கூட்டமைப்பை ஒருங்கிணைத்த செமாய்ப் பெண்மணி அவர். காட்டு வளம் அழிவது ஆண் பெண் உறவை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த நூலின் ஆசிரியர்களிலும் ஒருவர். (தமிழர்களாகிய நாம் இதில் உபதேசம் செய்யும் நிலையில் இல்லை. பால்வெட்டில் ஆணுக்கு நிகராக உழைத்த நம் பெண்கள், தோட்டம் விற்கப்பட்டபோது இழப்பீட்டுப் பேச்சில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?)

இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. மணமானவர்களுக்குப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். கிராம சபைக்கு வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2012-இல் விதி திருத்தப்பட்டது. அங்கே நடைமுறையில் குறைகள் ஏராளம். ஆயினும் விதி இருப்பதால் மீறலைச் சுட்டிக்காட்ட முடிகிறது. மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. கோலாலம்பூரை எதிர்பார்க்காமல் ஈப்போவில் இருக்கும் மாநில அரசே இத்தகைய விதியை வகுக்கலாம். ஊரின் ஒப்புதல் தேவைப்படும் எந்தக் கூட்டமும் போதிய பெண்கள் இன்றி நடந்தால் செல்லாது என்று அறிவிக்கலாம். அழைத்தாலும் பெண்கள் வருவதில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வேலைநாள் பகலில், பட்டணத்து அலுவலகத்தில், அரசாங்க மலாயில் நடக்கும் கூட்டத்துக்குக் கைக்குழந்தைக்காரி எப்படி வருவார்? ஊருக்கே போய், மாலை நேரத்தில், செமாய் மொழியில் கூட்டம் நடத்திவிட்டு, அப்புறம் வருகைப் பதிவேட்டைக் காட்டட்டும்.