வாட்டர் கலரைத் திருத்த முடியாது என்று யார் சொன்னது?

வாட்டர் கலரில் தப்பு விழுந்தால் அவ்வளவுதான், திருத்த முடியாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடு. ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிற பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் உபதேசம் இது. பள்ளியில் டிராயிங் மாஸ்டர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். வாட்டர் கலரைத் தொட்டே பார்க்காத நண்பர்கூட அடித்துச் சொல்கிறார். இதனால் பாதியில் குப்பைக்குப் போன நல்ல ஓவியங்களுக்குக் கணக்கில்லை. இதைக் கேட்டுப் பயந்துபோய்ப் பென்சிலோடு நின்றுவிட்டவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. இந்த உபதேசம் தவறு. பொருளின் இயல்பைப் பார்த்தாலும் தவறு, ஓவிய வரலாற்றைப் பார்த்தாலும் தவறு.

முதலில் பொருளைப் பார்ப்போம். வாட்டர் கலர் என்பது நிறமித் தூளும் வேலம்பிசினும் சேர்ந்த கலவை. அந்தப் பிசின் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். அக்ரிலிக் அப்படியல்ல; காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகிவிடும், பிறகு தண்ணீருக்கு அசையாது. ஆயில் இறுகிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். காய்ந்த நிறத்தை வெறும் தண்ணீரால் இளக்கி எடுக்க வாய்ப்புள்ளது இந்த மூன்றில் வாட்டர் கலரில் மட்டும்தான். எல்லா நிறமும் ஒரேபோல வராது என்பது உண்மை. அல்ட்ராமரினும் கோபால்ட் நீலமும் தாளின் மேலாக உட்காரும், எளிதில் எடுக்கலாம். தாலோ நீலமும் அலிசரின் கிரிம்சனும் நாருக்குள் சாயமாக ஏறிவிடும், முழுதாக வராது. எது எப்படி என்று ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவைத்து எடுத்துப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நாம் பழகிய தாளிலிருந்து. பள்ளிக்கூட டிராயிங் ஷீட்டில் ஈரத் தூரிகையால் இரண்டு முறை தேய்த்தால் மேல்பரப்பு திரிதிரியாக எழும்பி வரும். அந்தத் தாளில் திருத்த முடியாதுதான். ஆனால் அது தாளின் குறை. ஜெலட்டின் பாய்ச்சிய, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாள் பலமுறை நனைத்தாலும் தாங்கும். விலை அதிகம் என்பார்கள், உண்மைதான். முழுத் தாளை நான்காக வெட்டி, பின்பக்கத்தையும் பயன்படுத்தினால் ஒரு தாளில் எட்டு ஓவியம் போடலாம். மலிவான தாளில் கிடைத்த அனுபவத்தை ஒரு கலையின் விதியாக்கி அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

எல்லோரும் பயப்படுகிற ஒரு விபத்தையே எடுத்துக்கொள்வோம். வானம் பூசியாயிற்று. அது பாதி காய்ந்திருக்கும்போது தூரிகையிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுகிறது. நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு அது விரிகிறது. ஓவியர்கள் காலிஃபிளவர் என்று சொல்லும் கறை. ஓவியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தச் சொட்டு அல்ல, அடுத்த நிமிடம் பதறிப்போய் நாம் செய்கிற காரியம். பாதி ஈரத்தில் கை வைத்தால் கறை பத்தாகப் பெருகும். நிறம் சேறாவதும் அப்போதுதான். தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். நன்றாகக் காயட்டும். தாளின் அடியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. காய்ந்த பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்த தட்டைத் தூரிகையால் கறையின் கெட்டி விளிம்பை மட்டும் மெல்ல வருடி, சில விநாடி விட்டு, டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் தூரிகையைக் கழுவி, திரும்பவும் வருடி, திரும்பவும் ஒற்ற விளிம்பு மெதுவாகக் கரையும். அது காய்ந்ததும் வானம் முழுவதையும் நல்ல தண்ணீரால் நனைத்து அதே நிறத்தை மெல்லியதாக ஒரு பூச்சு. பெரும்பாலான கறைகள் இதற்கே அடங்கிவிடும். அடங்காததை மேகமாக்கலாம்.

கெட்டுப்போனதாகத் தோன்றுகிற ஓவியங்களில் பல உண்மையில் கெட்டே போயிருக்காது, முடியாமல் இருக்கும். நாலு பக்கமும் வெள்ளைத் தாள் சூழ்ந்திருக்க நடுவில் ஒரு நடுத்தரச் சாம்பலைப் பூசினால் அது கன்னங்கரேலென்று தெரியும். ஈரத்தில் எந்த நிறமும் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். கண்ணை ஏமாற்றும் இந்த இரண்டையும் அறியாதவர், சரியாகப் பூசிய நிழலையே தப்பு என்று நினைத்து வெளுக்கப் பார்க்கிறார். கடைசியில் வர வேண்டிய நாலைந்து கருமையான இடங்கள், வாசலின் உள்ளிருட்டு, மரத்தடி, படகின் அடிப்பக்கம், வந்து சேர்ந்ததும் அந்தச் சாம்பல் தானாகத் தன் இடத்தில் அமர்ந்துவிடும். அதுவரை எந்த ஓவியமும் அவலட்சணமாகத்தான் இருக்கும். ஒரு நிமிட வீடியோக்கள் இந்தக் கட்டத்தை வெட்டிவிட்டுக் காட்டுவதால், நமக்கு மட்டுந்தான் இப்படி ஆகிறது என்று புதிதாகக் கற்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மேதைகள் ஒரே வீச்சில் போட்டார்கள் என்பார்கள். இங்கிலாந்தின் டர்னரைவிடப் பெரிய நீர்வண்ண மேதையை யாரும் காட்டிவிட முடியாது. 1818-இல் யார்க்‌ஷயரில் தன் நண்பர் வால்டர் ஃபாக்ஸின் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு போர்க்கப்பலின் பிரம்மாண்டத்தைக் காட்டும்படி அவர் கேட்க, டர்னர் ஒரே காலையில் ஓவியம் தீட்டினார். பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் ஃபாக்ஸின் மகன். தாள் ஊறும்வரை நிறத்தைக் கொட்டினார், கீறினார், சுரண்டினார், வெறிபிடித்தவர்போலத் தேய்த்தார், எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் எழுந்து வந்தது என்பது அவர் தரும் சித்திரம். மதியச் சாப்பாட்டுக்குள் ஓவியம் முடிந்துவிட்டது. அது இன்றும் பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மூர் வகுப்பில் அந்தத் தாளைப் பத்து மணிக்கே கிழிக்கச் சொல்லியிருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர் தைக்கான் ஈரத் தூரிகையைக் கையாண்ட விதத்தைப் பார்த்த அபனீந்திரநாத் தாகூர், ஒரு படி மேலே போய், தீட்டிக் காய்ந்த ஓவியத்தை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தினார். தளர்ந்த நிறம் போகும், பிடித்த நிறம் நிற்கும். அதன்மேல் மறுபடி தீட்டி மறுபடி அலசுவார். வங்க ஓவியர்களின் ‘வாஷ்’ முறை இப்படித்தான் பிறந்தது. அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர், சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 வரை தலைவராக இருந்தவர். ஓவியத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தவரின் சீடர் நடத்திய பள்ளி இருந்த ஊரில், ஒரு சொட்டு நீர் பட்டால் ஓவியம் போயிற்று என்று இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாட்டர் கலரில் வெள்ளை நிறம் பூசுவது மோசடி என்பதும் இதே மூடநம்பிக்கையின் இன்னொரு கிளை. ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1502-இல் தீட்டிய முயலில் ஒளிபுகா நிறமும் வெள்ளைத் தீற்றல்களும் இருக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகளாக யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

திருத்தினால் பளிச்சென்ற தன்மை போய்விடும் என்று சொல்பவர்கள் ஒன்றைச் சரியாகவே சொல்கிறார்கள்: ஓயாமல் நோண்டினால் போய்விடும். அது நோண்டுவதற்கு எதிரான வாதம். எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நானும் சொல்ல மாட்டேன். நார் பிய்ந்த தாள் பிய்ந்ததுதான். கோபுரத்தின் அளவே தப்பாகிப்போனால் நிறத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் கிழிப்பானேன்? இரண்டு எல் வடிவ அட்டைகளை மேலே வைத்து நகர்த்திப் பாருங்கள். கால்வாசியாவது நன்றாக இருக்கும். அதை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர் தேகா தன் பேஸ்டல் ஓவியங்களில் இடம் போதாதபோது தாள் துண்டுகளை ஒட்டி நீட்டினார். ஓரத்தைக்கூட மாற்றலாம் என்று அவ்வளவு பெரிய ஓவியர் நினைத்திருக்கிறார்.

வகுப்பு எடுப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே, ஒரு நல்ல தாள் துண்டில் அல்ட்ராமரினைப் பூசிக் காயவைத்து, தூரிகையும் டிஷ்யூவும் கொண்டு அதை எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் கையாலேயே எடுத்துப் பார்க்கட்டும். வானம் பூசுவதை அதற்கு அடுத்து சொல்லிக்கொடுங்கள்.