மெருகு வேறு, பற்று வேறு

பந்தாடுகிறவனை நம் விடுதியில் யாரும் பரிகசிப்பதில்லை. பாட்டுக் கேட்கிறவனையும் சதுரங்கம் ஆடுகிறவனையும் பரிகசிப்பதில்லை. பழைய அமெரிக்கப் படக்கதைகளைப் பற்றியும் பழைய மோட்டார் கார்களைப் பற்றியும் ஒருவன் வாய் திறந்தால் மட்டும் சிரிப்பு எழுகிறது. “23 வயதில் இன்னும் பொம்மைப் புத்தகமா?” என்பது ஒரு கேள்வி. “அயல்நாட்டுக் கொடியைச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டவனிடம் உனக்கு என்ன உறவு?” என்பது இரண்டாவது கேள்வி. “கார் வாங்க வழியில்லாதவனுக்குப் பழைய காரைப் பற்றிய பேச்சு எதற்கு?” என்பது மூன்றாவது கேள்வி. மூன்றும் நியாயமான கேள்விகளே. மூன்றுக்கும் விடை கூற விரும்புகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு விடை எளிது. என்னிடம் கார் இல்லை, உண்மை. உதவித்தொகையில் விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்டியது போக, சைக்கிளுக்கு டயர் மாற்றினாலே கை காலியாகிவிடும். ஆனால் கோபுரத்தைக் கண்டு மகிழ்வதற்குப் பட்டா வேண்டுமா? என் சேகரிப்பெல்லாம் மறுபதிப்பான சில படக்கதைகளும் உள்ளங்கையில் அடங்கும் சில பொம்மைக் கார்களுமே. அவற்றை வைத்துக்கொண்டு நான் கற்றது கொஞ்சமன்று.

இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்கு விடை கூற ஒரு புத்தகத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ‘காப்டன் அமெரிக்கா’ படக்கதையின் முதல் இதழ் 1941 மார்ச் என்று தேதியிட்டு, 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்தது. விலை 10 சென்ட். அதன் அட்டையில் கொடியுடை அணிந்த வீரன் ஹிட்லரின் முகத்தில் ஓங்கிக் குத்துகிறான். இன்று பார்ப்பவருக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழ இன்னும் ஓராண்டு இருந்தது. நியூயார்க் நகரிலேயே 1939 பிப்ரவரியில் ஹிட்லரின் ஆதரவாளர்கள் சுமார் 20,000 பேரைக் கூட்டி மாநாடு நடத்தியிருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் அப்படி ஓர் அட்டையை வெளியிடுவது ஊரோடு சேர்ந்து கோஷம் போடுவதன்று. ஊரில் ஒரு சாராரின் பகையைத் தேடிக்கொள்வது. மிரட்டல் கடிதங்களும் வந்தன.

அதைப் படைத்தவர்கள் யார்? ஜோ சைமன், ஜாக் கர்பி என்ற இருவர். இருவரும் தையல் தொழிலாளரான யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவருடைய தந்தையரும் வேற்று நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். கர்பி பிறகு படையில் சேர்க்கப்பட்டு, 1944-இல் பிரான்சுப் போர்முனைக்கே சென்றார். குடியேறியவர் வீட்டுப் பிள்ளைகள் வரைந்த வீரனைத்தான் ஒரு நாடு தன் கொடியின் உருவமாக ஏற்றுக்கொண்டது! பிறந்த ஊரை விட்டு, பிறமொழி பேசும் மக்கள் நடுவே படிக்கவும் பிழைக்கவும் வந்திருக்கும் நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகப் படுமா? “நீ எந்த ஊர்க்காரன்?” என்ற கேள்வியின் பின்னால், “நீ எங்களவனா?” என்ற மற்றொரு கேள்வி ஒளிந்திருப்பதை நம்மில் பலர் அறிவோம். அதற்கு அந்த இரு இளைஞரும் சான்றிதழ் காட்டி விடை சொல்லவில்லை. தங்கள் வேலையால் விடை சொன்னார்கள்.

அவ்வீரனின் பிற்காலக் கதை இன்னும் பாடம் தருவது. 1953, 1954 ஆண்டுகளில் அவனைக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுபவனாக மாற்றி மீண்டும் வெளியிட்டார்கள். சில இதழ்களோடு அது நின்றுபோயிற்று. 1972-இல் வேறோர் எழுத்தாளர், அந்த ஐம்பதுகளின் வீரன் உண்மையான வீரனே அல்லன், சித்தம் கலங்கிய ஒரு போலி என்று கதையை அமைத்தார். 1974-இல், வாட்டர்கேட் ஊழல் நாட்டை உலுக்கிய வேளையில், அதே எழுத்தாளர் மேலும் ஒரு படி சென்றார். நாட்டுக்கு எதிரான சதிக்கூட்டத்தின் தலைவன் அரசாங்கத்தின் உச்சியிலேயே இருப்பதைக் கண்ட வீரன், மனம் கசந்து கொடியுடையைக் கழற்றி வைத்துவிடுகிறான். பிறகு, தான் காப்பது ஆட்சியாளரை அல்ல, கொள்கையை என்று தெளிந்து மீண்டும் அணிகிறான். கண்ணை மூடிக்கொண்டு கொடியாட்டியவனைப் போலி என்றும், கேள்வி கேட்டவனை அசல் என்றும் தீர்ப்பளித்த படக்கதை அது. அதைக் குழந்தைகள் படிக்கட்டும். பெரியவர்களும் படிக்கட்டும் என்பேன். முதல் கேள்விக்கும் இதுவே என் விடை.

“சரி, இதற்கும் பழைய காருக்கும் என்ன சம்பந்தம்?” என்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் விமானமும் டாங்கியும் செய்யத் தொடங்கின. டயருக்கும் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. 1945 வரையில் இருக்கிற காரைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதே ஆண்டுகளில் போருக்காகப் பழைய காகிதம் திரட்டினார்கள். வீடு வீடாகப் போன சிறுவர்கள் தங்கள் படக்கதைகளையும் அள்ளிக் கொடுத்தார்கள். அன்றைய காரும் புத்தகமும் இன்று அரிதாக இருப்பதற்கு அந்தப் போரும் ஒரு காரணம்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் வேறொரு சம்பந்தமும் எனக்குத் தெரிகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் மஞ்சள் பூப்பதும் பெரும்பாலும் ஒரே பிராணவாயுவின் வேலை. காருக்கும் படக்கதைக்கும் பகைவன் ஒருவனே. இந்தப் பகைவனை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் எங்களைப் போன்ற ஆர்வலர்கள் இரு கட்சியாகப் பிரிகிறோம்.

ஒரு கட்சி, பூட்டி வை என்கிறது. 10 சென்ட் விலைக்கு வந்த அந்த முதல் இதழின் பிரதி ஒன்று 2022-இல் 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அத்தகைய பிரதிகளைத் தரம் பிரித்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து முத்திரையிடுகிறார்கள். பெட்டியை உடைத்தாலன்றி ஒரு பக்கத்தையும் புரட்ட முடியாது. படிக்க முடியாத புத்தகம்! கார்களிலும் இந்தச் சாதி உண்டு. கண்ணாடிபோல் பளபளக்கும், லாரியில் ஏறி வந்து கண்காட்சியில் நிற்கும், பரிசு வாங்கிக்கொண்டு லாரியிலேயே திரும்பிப் போகும். ஓடாத கார்!

நான் மற்றக் கட்சியைச் சேர்ந்தவன். நிறுத்தியே வைத்த காரில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும், ரப்பர் காய்ந்து வெடிக்கும், பாட்டரி செத்துப்போகும். ஓடுவதே அதற்கு மருந்து. அரிய பொருள் அழிந்துவிடக் கூடாதே என்று அஞ்சுவோரின் கவலையை நான் இகழவில்லை. கோயம்புத்தூரில் 2015-இல் திறந்த ஜீடி கார் காட்சிசாலை போன்ற இடங்கள் தேவைதான். அங்கே ஆயிரம் பேர் வந்து பார்த்துக் கற்கிறார்கள். ஒருவன் மட்டும் பார்ப்பதற்கு, அதுவும் விலையைப் பார்ப்பதற்குப் பூட்டி வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை ஒட்டிச் செய்த அம்பாஸடர், இந்நகருக்கு அருகே உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை உற்பத்தியாயிற்று. நாம் ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்கிய நாளில் நம்மை ஏற்றிக்கொண்ட மஞ்சள் டாக்சி அதுதான். வாடகை வண்டிகளுக்கான 15 ஆண்டு வரம்பினால் அவை தெருவிலிருந்து மறைந்து வருகின்றன. பழைய எஞ்சின் கக்கும் புகையை எண்ணினால் அந்த வரம்பை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் எங்கே எந்த போல்ட்டை எத்தனை திருப்புத் திருப்ப வேண்டும் என்று காதாலேயே கண்டறியும் தெருமுனை மெக்கானிக்குகளின் கல்வியும் அவற்றோடு மறைந்து போகிறதே! 50 ஆண்டு கடந்த, அசல் உருவம் கெடாத கார்களுக்குத் தனிப் பதிவெண் தந்து, கண்காட்சிக்கும் பந்தய ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாம் என்று மத்திய அரசாங்கம் 2021-இல் விதி செய்தது. நல்ல விதி. ஆயினும் காரைக் காக்க விதி போதும். கைத்திறனைக் காக்க மாணாக்கர் வேண்டும்.

நாட்டுப்பற்றும் இப்படித்தான் என்பது என் துணிபு. அதை மெருகிட்டுப் பெட்டியில் வைத்து, விழா நாளில் வெளியே எடுத்துக் காட்டுகிறவர் பலர். எது துருப்பிடித்திருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்த்துக் கையில் கரி படப் பழுது பார்க்கிறவர் சிலர். குறை கூறுகிறவனைப் பற்றில்லாதவன் என்பது, எஞ்சினில் சத்தம் கேட்கிறது என்று சொன்ன மெக்கானிக்கைக் காரின் விரோதி என்பது போலாகும்.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது என்னோடு வாருங்கள். உரிமையாளரிடம் விலையைக் கேட்காதீர்கள். குளிர்காலக் காலையில் அதை எப்படிக் கிளப்புகிறார் என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், பரணில் கிடக்கும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எதுவானாலும் எடுத்து வாருங்கள். நம் சங்க அறையில் அவற்றுக்காக ஓர் அலமாரி கேட்கப்போகிறேன். அதற்குப் பூட்டு வேண்டாம்.