செக் வராத நாளுக்கு வட்டி

சகோதரிகளே, வீட்டுக் கடன் பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் படிக்கவில்லை. "இங்கே ஒன்று, அப்புறம் இங்கே, கடைசிப் பக்கத்திலே ஒன்று" என்று பாங்க் ஆசாமி பென்ஸிலால் பெருக்கல் குறி போட்டுக் கொண்டே வந்தார். இவரும் நானும் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது போல் மளமளவென்று போட்டு முடித்தோம்.

சென்ற வாரம் அடுத்த வீட்டு அம்மாள் தம் கடன் கணக்கைக் கொண்டு வந்து காட்டினார். கடன் 30 லட்சம்; வட்டி 9 சதவிகிதம். பத்திரத்தில் கையெழுத்தானது 3-ந் தேதி. வீட்டை விற்றவர் கைக்குச் செக் போய்ச் சேர்ந்ததோ 23-ந் தேதி. நடுவில் 20 நாளும் பணம் பாங்கிலேயேதான் இருந்தது. ஆனால் வட்டி மட்டும் 3-ந் தேதியிலிருந்தே ஓடியிருக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 14,794 ரூபாய். "சாவி கொடுக்காத வீட்டுக்கு வாடகை கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?" என்றார். வாஸ்தவந்தானே?

இந்த வித்தை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ரிஸர்வ் பாங்கின் பரிசோதகர்களே பல இடங்களில் பார்த்து, 2024 ஏப்ரல் 29-ந் தேதி ஒரு சுற்றறிக்கை போயிற்று. கடன் மஞ்சூரான நாளிலிருந்தோ, ஒப்பந்தம் எழுதின நாளிலிருந்தோ வட்டி போடுவது. செக்கில் எழுதின தேதியிலிருந்து போட்டுவிட்டுச் செக்கைப் பல நாள் கழித்துக் கொடுப்பது. மாத நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவது. தவணை ஒன்றிரண்டை முன்னதாகவே வாங்கிக் கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி கட்டச் சொல்வது - இவையெல்லாம் நியாயமல்ல என்று அதில் கண்டிருக்கிறது. அகப்பட்டுக் கொண்ட ஸ்தாபனங்களை அதிகப்படி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது.

சீட்டு எடுத்து, நகையை விற்று, கடனை முன்னதாக அடைக்கப் போனால் அதற்கு அபராதம் கேட்கிற வழக்கமும் இருந்தது. கடனை அடைத்ததற்கு அபராதம்! மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு பாங்குகள் அதை வாங்கக் கூடாதென்று 2012-லேயே உத்தரவாகிவிட்டது. பழைய பத்திரத்தில் அந்த ஷரத்து கொட்டை எழுத்தில் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

அடைத்த பிறகு மூலப் பத்திரம் வந்து சேர வேண்டுமே! பத்திரத்தைக் கொடுத்து வைத்துக் கடன் வாங்கும் முறைக்கு 1882-ம் வருஷத்துச் சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த மூன்று பட்டணங்களில் நம் சென்னையும் ஒன்று. ஆகவே பத்திரத்துக்காக பாங்க் வாசலில் நடப்பதும் நமக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 1-லிருந்து அமுலான விதிப்படி, கடன் முழுக்கத் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். பாங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்கு. தொலைத்துவிட்டால் நகல் வாங்கித் தரும் செலவும் அவர்களுடையதே. அதற்கு மட்டும் இன்னும் 30 நாள் அவகாசம்.

சரி, கேட்பது எப்படி? டெலிபோனில் கேட்டால் காற்றோடு போய்விடும். கடன் கணக்கின் நகல் வாங்கி, இரண்டு தேதிகளையும் எடுத்துக் காட்டி, இவ்வளவு தொகை திருப்ப வேண்டுமென்று மானேஜருக்கு எழுதுங்கள். உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் சரியில்லையென்றாலும் ரிஸர்வ் பாங்கின் ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. ஷரத்தே அநியாயமென்றால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின்படி மாநில கமிஷனுக்கும் போகலாம்.

"பத்திரம் அவர்கள் பெட்டியில் இருக்கிறது, அவர்களோடு வம்பு எதற்கு?" என்றாராம் அந்த அம்மாளின் கணவர். அம்மாள் கேட்கவில்லை. திங்கட்கிழமை கடிதம் கொடுத்து முத்திரையும் வாங்கி வந்துவிட்டார்.

அன்று மத்தியானம் நானும் எங்கள் பீரோவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டது 11-ந் தேதி. பணம் போனது 19-ந் தேதி. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.