வாய் திறக்காதது திறமைக் குறைவா?

பந்தல்குடி வட்டாரக் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமையையும் கூலி வேலையையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அருப்புக்கோட்டை, மதுரைக் கல்லூரிகளுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் தலித் மாணவர்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: "நல்லா படிப்பான், ஆனா யாரோடும் பழக மாட்டான். எழுந்து பேசச் சொன்னா தயங்குவான்." இதற்கு ஆளுமைப் பயிற்சி வகுப்பு மட்டுமே மருந்தாகத் தரப்படுகிறது. நோய் என்னவென்று யாரும் பார்ப்பதில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோவைப் பள்ளி நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் யாரோடும் சேராமல் ஒதுங்கியிருந்தார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாத ஏக்கம் அவரை வாட்டியது.

அவருக்குப் பழகத் தெரியாமலா போயிற்று? 1893-இல் 'பறையன்' என்று பெயர் சூட்டி இதழ் தொடங்கியவர் அவர்தான். பின்னாளில் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்கு வாதாடியவரும் அவர்தான். எதை மறைத்து வாழ்ந்தாரோ அதையே தலைப்பாக அச்சிடும் துணிவு வந்த பிறகு, அவர் பேச்சுக்குத் தடை இருக்கவில்லை.

தன்னைப் பற்றிய எண்ணமும் பிறரோடு பழகும் திறனும் இப்படித்தான் பிணைந்து கிடக்கின்றன. தன்னை ஒளித்துக்கொள்ள வேண்டிய மாணவனுக்கு, "எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை?" என்ற சாதாரண விசாரிப்பே விசாரணையாகிவிடுகிறது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதி, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோர் முன்னும் சாதியை அறிவித்ததும், ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் விடுவித்த புதிர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தன் அடையாளத்தைத் தானே சொல்வது வேறு. பிறர் எழுப்பி நிறுத்திச் சொல்வது வேறு.

உதவித்தொகைப் படிவத்துக்காக "எஸ்.சி. மாணவர்கள் எழுந்திருங்கள்" என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர் அதே தவறைத்தான் செய்கிறார். 2023 நாங்குநேரி தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், இத்தகைய விவரங்களை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லும்படி பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்கின்றன. அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் இருக்க வேண்டும். விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளே! உங்கள் தயக்கத்துக்காக வெட்கப்படாதீர்கள். முதல் வாரமே வகுப்பில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். நம் பகுதியிலிருந்து முன்பே போன அண்ணன், அக்காக்களைத் தேடிப் பிடியுங்கள். பேச்சு பேசப் பேச வரும். பயமில்லாமல் பேசும் வகுப்பறையைத் தரவேண்டிய கடமை கல்லூரிக்கு இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.