கேட்காத காச்சில் உங்கள் காய்கறிப் பெட்டிக்குள் வருவது ஏன்? முன்பணப் பண்ணை முறை: ஒரு விளக்கம்

ஆப்பில் தக்காளி, கேரட், பீன்ஸ் என்று தட்டினால் அதுவேதான் வரும். பண்ணையில் பங்கு சேர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு வாரம் வாழைப்பூ, அடுத்த வாரம் சீமைப்பலா, மார்கழியில் யானைக்கால் மாதிரி ஒரு காச்சில். 'இதை எப்படிச் சமைப்பது?' என்று அம்மாவுக்கு போன் போடுவீர்கள்.

இதுதான் சமூக ஆதரவு விவசாயம். பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டுகிறீர்கள். விளைச்சலில் பங்கு வருகிறது. விவசாயிக்கு வட்டியில்லாத முதல் கிடைக்கிறது. மழை கெடுத்தால் நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. ஜப்பானில் 1970களில் 'டெய்க்கெய்' என்று பரவியது, அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில், ஆரோவில்லில் கிருஷ்ணா மெக்கென்சி 1996இல் தொடங்கிய சாலிட்யூட் பண்ணை காய்கறிக் கூடை கொடுக்கிறது. பச்சைப் பப்பாளி, வாழைத்தண்டு, சுண்டைக்காய் என்று நாம் ஒதுக்கியவைதான் அங்கே முக்கிய ஆட்கள்.

சரி, ஏன் இந்த விநோதக் காய்கள்? களியக்காவிளை தாண்டி, பாறசாலை, தனுவச்சபுரம் பக்கம் பாருங்கள். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கிழங்குக்கு அந்தக் கோடு தெரியாது. காச்சில், சிறுகிழங்கு, அயனிச்சக்கை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு.

பிரச்சினை விலையில். கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 பயிர்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம். மரவள்ளிக்கு கிலோ 12 ரூபாய். பட்டியலில் கேரட்டும் பூண்டும்கூட இருந்தன. காச்சில் இல்லை, சிறுகிழங்கு இல்லை. திருவாதிரைக்கும் பொங்கலுக்கும் மட்டும் சந்தையில் தேடப்படும் கிழங்கை ஒருவர் எத்தனை வருஷம் நடுவார்? இந்த வகைகளைக் காக்க ஸ்ரீகார்யத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் இருந்தால் போதாது, அடுப்புக்கும் வரவேண்டும். முன்பணம் கட்டிய 50 வீடுகள் இருந்தால் வரும்.

ஒரு எச்சரிக்கை. 'பண்ணையிலிருந்து நேரடி' என்று விளம்பரம் செய்யும் எல்லா சந்தாவும் இது இல்லை. மழையில் பயிர் போனால் பணத்தைத் திருப்பித் தருவோம், வேறிடத்தில் வாங்கி அனுப்புவோம் என்றால் அது டெலிவரி சேவை. தப்பில்லை, ஆனால் பெயர் வேறு. சேரும் முன் பண்ணைக்கு ஒரு தடவை போய், என்ன நடப்போகிறார்கள் என்று கேளுங்கள். தனியாக இருப்பவர்கள் ஒரு பங்கை பக்கத்து ஃப்ளாட்டோடு பிரித்துக்கொள்ளலாம். காச்சில் ஒன்றே மூன்று கிலோ தாண்டும்.

வெட்டும்போது கை அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு சாப்பிடுங்கள். ஆனால் பொறுமை வேண்டும்: சித்திரையில் நட்டால் மார்கழியில்தான் தோண்டுவார்கள்.